வெப்பநிலை டிரான்ஸ்மிட்டர் அவுட்புட் அமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடி-100 (வெப்பத்தோடு மின்தடை மாறும் சென்சார்) அல்லது தெர்மோகப்பிள் (வெப்பத்துக்கேற்பச் சிறு மின்னழுத்தம் தரும் சென்சார்) தரும் சிக்னலை 4–20 மில்லிஆம்ப் கரண்டாக மாற்றித் தரும் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்துபவர்களும் பராமரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டு கம்பியில் ஓடும், ஹார்ட் (அதே கம்பிகளில் டிஜிட்டல் தகவலும் போகும் முறை) வசதியுள்ள கருவியை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மெனுவில் வரும் பெயர்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். உள்ளே நடக்கும் வேலை மாறாது.

அவுட்புட் அமைப்பு என்றால் எதையெல்லாம் செட் செய்ய வேண்டும்?

4 மில்லிஆம்புக்கு எந்த வெப்பநிலை, 20 மில்லிஆம்புக்கு எந்த வெப்பநிலை என்பது முதலில், இதுதான் ரேஞ்ச். அடுத்து டேம்பிங், அதாவது அளவின் ஆட்டத்தை மெதுவாக்கும் தாமதம். அப்புறம் சென்சார் பழுதானால் கரண்ட் எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவுக்குப் போக வேண்டும் என்பது. அவுட்புட் ட்ரிம் என்று ஒன்று மெனுவில் இருக்கும். அது அமைப்பு அல்ல, அளவுத்திருத்தம். அதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் முன்பு இன்புட் பக்கம் சரியாக இருக்க வேண்டும். கே வகை தெர்மோகப்பிளைக் கட்டிவிட்டு ஜே வகை என்று செட் செய்திருந்தால், அவுட்புட்டை எப்படி மாற்றினாலும் பயனில்லை. 100 டிகிரியில் கே வகை தருவது 4.096 மில்லிவோல்ட், ஜே வகை தருவது 5.269 மில்லிவோல்ட்.

ஓடிக்கொண்டிருக்கும் லூப்பில் ரேஞ்சை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் அந்த லூப்பின் (டிரான்ஸ்மிட்டரிலிருந்து கட்டுப்பாட்டு அறை வரை கரண்ட் ஓடும் சுற்று) கன்ட்ரோலரை மேனுவலுக்குக் கொண்டுவந்த பிறகுதான். அந்தக் கரண்டை வைத்து ட்ரிப் (எல்லை தாண்டினால் தானாக நிறுத்துவது) அல்லது இன்டர்லாக் (நிபந்தனை நிறைவேறாமல் இயங்கவிடாத தடுப்பு) இருந்தால், உரிய அனுமதியோடு அதையும் பைபாஸ் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

காரணம் எளிது. புதிய ரேஞ்சை அனுப்பிய நொடியே கரண்ட் மாறிவிடும். 0–200 டிகிரி ரேஞ்சில் 100 டிகிரிக்கு 12 மில்லிஆம்ப் போய்க்கொண்டிருக்கிறது. அதை 0–400 என்று மாற்றினால் அதே 100 டிகிரிக்கு 8 மில்லிஆம்ப்தான் போகும். கட்டுப்பாட்டு அறை இன்னும் பழைய ரேஞ்சிலேயே இருப்பதால் அங்கே 50 டிகிரி என்று தெரியும். கன்ட்ரோலர் ஆட்டோவில் இருந்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடும். கம்யூனிகேட்டரும் (டிரான்ஸ்மிட்டரை செட் செய்யும் கைக்கருவி) இதற்குத்தான் "லூப்பை மேனுவலுக்கு மாற்றவும்" என்று எச்சரிக்கை காட்டுகிறது. அதைப் படிக்காமல் ஓகே அழுத்துவது பழக்கமாகிவிட்ட இடங்கள் நிறைய.

ரேஞ்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பல கருவிகள் 0–100 டிகிரி என்று செட் செய்தே வருகின்றன. அது உங்கள் வேலைக்கான ரேஞ்ச் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வழக்கமான இயக்க வெப்பநிலை, தொடக்கத்தில் இருக்கும் வெப்பநிலை, அலாரம், ட்ரிப் எல்லாமே ரேஞ்சுக்குள் வசதியாக அடங்க வேண்டும். 180 டிகிரியில் ஓடி, 230-ல் ட்ரிப் ஆகும் உலைக்கு 0–300 பொருத்தமாக இருக்கும். 180-க்கு 13.6 மில்லிஆம்ப், 230-க்கு சுமார் 16.27 மில்லிஆம்ப். மேலே இடமும் இருக்கிறது, ட்ரிப் ஆன பிறகு வெப்பம் எதுவரை ஏறியது என்றும் பதிவில் தெரியும். இதையே 0–230 என்று வைத்தால் ட்ரிப் சரியாக 20 மில்லிஆம்பில் வந்து நிற்கும். எதிர்முனையில் கரண்டைப் படிக்கும் கார்டில் சிறு பிழை இருந்தாலும் ட்ரிப் ஆகாமல் போகும் அபாயம் அங்கே உண்டு.

அதற்காகத் தேவைக்கு மேல் அகலமாகவும் வைக்கக் கூடாது. கரண்ட் பாதையில் வரும் பிழை ஸ்பானின் (மேல், கீழ் ரேஞ்ச் மதிப்புகளின் வித்தியாசம்) விகிதமாகத்தான் வெப்பநிலைப் பிழையாக மாறும். 0.02 மில்லிஆம்ப் பிழை என்பது ஸ்பானில் 0.125 சதவீதம். ஸ்பான் 800 டிகிரி என்றால் அது 1 டிகிரி, 200 டிகிரி என்றால் கால் டிகிரி. "எதற்கும் இருக்கட்டும்" என்று சென்சாரின் முழு ரேஞ்சையும் கொடுத்து வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மறுபக்கம், ஒவ்வொரு சென்சார் வகைக்கும் குறைந்தபட்ச ஸ்பான் என்று கருவியின் டேட்டா ஷீட்டில் ஓர் அளவு கொடுத்திருப்பார்கள். அதற்குக் கீழே போக முடியாது.

மீட்டரில் தெரியும் கரண்டை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி?

கரண்டிலிருந்து 4-ஐக் கழியுங்கள், 16-ஆல் வகுங்கள், ஸ்பானால் பெருக்குங்கள், கீழ் ரேஞ்ச் மதிப்பைக் கூட்டுங்கள். ரேஞ்ச் −50 முதல் 150, மீட்டர் காட்டுவது 11.2 என்றால்: 7.2-ஐ 16-ஆல் வகுத்தால் 0.45, அதை 200-ஆல் பெருக்கினால் 90, அதிலிருந்து 50 போனால் 40 டிகிரி.

டிரான்ஸ்மிட்டர் டிஸ்பிளேயில் 100, கட்டுப்பாட்டு அறையில் 125. எது சரி?

அனேகமாக டிரான்ஸ்மிட்டர்தான் சரி. இரண்டு முனையிலும் வேறு வேறு ரேஞ்ச் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் 0–200, டிசிஎஸ் (கட்டுப்பாட்டு அறையின் கணினி அமைப்பு) 0–250 என்றால் 12 மில்லிஆம்பை ஒன்று 100 என்றும் மற்றது 125 என்றும்தான் படிக்கும். கரண்டுக்குள் "நான் இத்தனை டிகிரி" என்று எதுவும் எழுதியிருக்காது. அது வெறும் சதவீதம். எத்தனை டிகிரிக்கு எத்தனை சதவீதம் என்பதை இரு முனைகளும் ஒரே மாதிரி வைத்திருந்தால்தான் அளவீடு என்று ஒன்று இருக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு மூலகாரணம் இதுதான். டிரான்ஸ்மிட்டரை மாற்றியவர் ஒருவர், டிசிஎஸ்ஸை மாற்ற வேண்டியவர் இன்னொருவர், நடுவே தகவல் போகவில்லை.

பிழையின் வடிவத்தைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். கீழே பூஜ்ஜியமாக இருந்து மேலே போகப் போகப் பிழை வளர்ந்தால் மேல் ரேஞ்ச் பொருந்தவில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு பிழை என்றால் இரண்டு ரேஞ்ச் மதிப்பும் ஒரே அளவு தள்ளிப் போயிருக்கலாம், அல்லது சென்சார் கம்பிகளில் கோளாறு இருக்கலாம். பின்னது என்றால் டிரான்ஸ்மிட்டர் டிஸ்பிளேயும் சேர்ந்தே தவறாகக் காட்டும். இன்னொரு வகையும் உண்டு: பிஎல்சி (புரோகிராம் செய்யும் கன்ட்ரோலர்) கார்டை 4–20-க்குப் பதில் 0–20 என்று செட் செய்திருப்பார்கள். அப்போது 4 மில்லிஆம்ப் 20 சதவீதமாகவும், 12 மில்லிஆம்ப் 60 சதவீதமாகவும் தெரியும், 20-ல் மட்டும் சரியாக இருக்கும். மேல் முனையில் மட்டும் சரிபார்த்தவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

ஆகவே டிரான்ஸ்மிட்டரை வேண்டிய கரண்டை அனுப்பவைத்து சிமுலேட் செய்து பார்க்கும்போது 4, 12, 20 மூன்றையும் பாருங்கள். சீமென்ஸ் எஸ்7 பிஎல்சியில் 4 மில்லிஆம்புக்கு 0, 20 மில்லிஆம்புக்கு 27648 என்று கச்சா எண் வரும். 12-க்கு 13824 வருகிறதா என்று பார்த்தால் கார்டு சரியா, புரோகிராமில் ஸ்கேலிங் சரியா என்று பிரித்துவிடலாம்.

தெர்மோகப்பிள் நேர்கோட்டில் போகாதே, பிஎல்சியில் அட்டவணை போட வேண்டுமா?

வேண்டாம். அந்தத் திருத்தத்தை டிரான்ஸ்மிட்டர் உள்ளேயே செய்துவிடுகிறது. குளிர்முனை ஈடும் (தெர்மோகப்பிள் கம்பி முடியும் இடத்தின் வெப்பநிலைக்கான திருத்தம்) அங்கேயே முடிந்துவிடும். வெளியே வரும் கரண்ட் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிஎல்சி கார்டை 4–20 மில்லிஆம்ப் என்று மட்டும் வையுங்கள்.

சென்சார் அறுந்தால் அவுட்புட் மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா?

எல்லா அமைப்புகளிலும் அதிகம் யோசிக்க வேண்டியது இதுதான். அதிகம் யோசிக்காமல் விடப்படுவதும் இதுதான். கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: பொய்யாக "சூடு" என்று காட்டுவது ஆபத்தா, பொய்யாக "குளிர்" என்று காட்டுவது ஆபத்தா? ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் லூப்பில் கரண்ட் கீழே போனால், குளிர்ந்துவிட்டது என்று நினைத்து கன்ட்ரோலர் முழு வெப்பத்தையும் கொடுக்கும். உண்மை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும், திரையில் தெரியாது. அங்கே மேலே போவதுதான் சரி. ஹீட்டர் அணையும், அதிகபட்சம் உற்பத்தி நிற்கும். உயர் வெப்பநிலை ட்ரிப்புக்கும் இதே நியாயம். கீழே போகும்படி வைத்தால் அறுந்த சென்சார் ட்ரிப்பைக் குருடாக்கிவிடும். மாறாக, குழாய் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் குறைந்த வெப்பநிலை ட்ரிப் வைத்திருந்தால் கீழே போவதுதான் பொருத்தம்.

அளவுகளுக்கு நாமூர் (தொழிற்சாலைக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் சங்கம்) தந்த என்ஈ 43 என்ற பரிந்துரை இருக்கிறது. அதன்படி 3.8 முதல் 20.5 மில்லிஆம்ப் வரை அளவீடு. 3.6-ம் அதற்குக் கீழும், 21-ம் அதற்கு மேலும் பழுது. இந்த எல்லைகளை டிரான்ஸ்மிட்டரில் வைத்தால் மட்டும் போதாது. எதிர்முனைக் கார்டும் 21-க்கு மேல் படிக்க வேண்டும், அதைப் பழுது என்று புரிந்துகொள்ள வேண்டும். சில பழைய கார்டுகள் 20 மில்லிஆம்பிலேயே வெட்டிவிடும். அங்கே அறுந்த சென்சாரும் ரேஞ்சின் உச்சியில் இருக்கும் உண்மையான வெப்பநிலையும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் மேலே என்று செட் செய்திருந்தாலும், லூப் கேபிள் அறுந்தால் அல்லது மின்சப்ளை போனால் கரண்ட் பூஜ்ஜியத்துக்குத்தான் போகும். அதை எந்த மெனுவாலும் மாற்ற முடியாது. டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருந்தால்தானே 21 அனுப்பும். எனவே மேலே செட் செய்யும் ஒவ்வொரு லூப்பிலும், 3.6-க்குக் கீழே போனாலும் பழுது என்று டிசிஎஸ் எடுத்துக்கொண்டு பாதுகாப்பான பக்கம் போக வேண்டும். இரண்டு முனைக்கும் லாஜிக் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். "மேலே வைத்துவிட்டோம், போதும்" என்ற பதில் வந்தால் போதாது.

சில மாடல்களில் பழுதுத் திசையை மெனுவில் மாற்ற முடியாது, போர்டில் உள்ள ஜம்பர் அல்லது சுவிட்சில்தான் மாற்ற வேண்டும். மூடியைத் திறந்து பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

திரையில் 206.25 என்று அசையாமல் நிற்கிறது. சென்சார் போய்விட்டதா?

ரேஞ்ச் 0–200 என்றால், இல்லை. 206.25 என்பது 20.5 மில்லிஆம்ப். வெப்பநிலை ரேஞ்சைத் தாண்டி, அவுட்புட் தன் மேல் எல்லையில் முட்டி நிற்கிறது. கீழ்ப்பக்கம் இதுவே −2.5 டிகிரி, அதாவது 3.8 மில்லிஆம்ப். சென்சார் அறுந்திருந்தால் 21-க்கு மேலோ 3.6-க்குக் கீழோ போயிருக்கும். ஹார்ட் வழியாக டிஜிட்டல் மதிப்பைப் படித்தால் உண்மையான வெப்பநிலை அப்படியே தெரியும், ஏனென்றால் அது 4–20 எல்லைக்குக் கட்டுப்பட்டதல்ல.

டேம்பிங் எத்தனை நொடி வைக்கலாம்?

முடிந்தவரை குறைவாக. டேம்பிங் 5 நொடி என்றால் 5 நொடியில் முழு மாற்றமும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 63.2 சதவீதம்தான் வரும். 100-லிருந்து 150-க்கு ஒரேயடியாகத் தாவினால் 5-வது நொடியில் 131.6, 25-வது நொடியில்தான் 149.7. இத்தனைக்கும் தெர்மோவெல்லும் (சென்சாரைக் காக்கும் உலோகக் குழாய்) சென்சாரும் ஏற்கெனவே தாமதப்படுத்திவிட்ட சிக்னல்தான் டிரான்ஸ்மிட்டருக்கே வருகிறது.

அளவு ஆடுகிறது என்று டேம்பிங்கை ஏற்றுவதற்கு முன், அது ஏன் ஆடுகிறது என்று பாருங்கள். தளர்ந்த டெர்மினல், பவர் கேபிளோடு ஒட்டி ஓடும் சென்சார் கேபிள், இரண்டு இடத்தில் எர்த் ஆன ஷீல்டு இவைதான் வழக்கமான காரணங்கள். டிசிஎஸ்ஸிலும் ஒரு ஃபில்டர் இருக்கும். இரண்டிலும் போட்டால் தாமதம் கூடும், கன்ட்ரோலர் ஊசலாடத் தொடங்கும். ட்ரிப்புக்குப் போகும் லூப்பில் டேம்பிங் வைப்பதை நான் விரும்புவதில்லை.

ரேஞ்ச் மாற்றுவது, சென்சார் ட்ரிம், அவுட்புட் ட்ரிம்: மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு. குழப்பிக்கொண்டால் சரியாக இருந்த கருவியும் கெட்டுப்போகும்.

சென்சார் ட்ரிம், டிரான்ஸ்மிட்டர் இன்புட்டைப் படிப்பதில் உள்ள பிழையைத் திருத்துகிறது. ரேஞ்ச் மாற்றுவது எந்த வெப்பநிலைக்கு எந்தக் கரண்ட் என்று சொல்கிறது, எதையும் திருத்துவதில்லை. அவுட்புட் ட்ரிம், "12 அனுப்பு" என்றால் வெளியே உண்மையிலேயே 12 போகிறதா என்பதை மட்டும் சரிசெய்கிறது.

எங்கே பிழை என்று தெரியாமல் ட்ரிம் செய்யக் கூடாது. ஹார்டில் படிக்கும் வெப்பநிலை ரெஃபரன்ஸோடு ஒத்துப்போகிறதா? போகவில்லை என்றால் கோளாறு இன்புட் பக்கம். ஒத்துப்போகிறது, ஆனால் ஹார்ட் காட்டும் கரண்டும் மீட்டரில் ஓடும் கரண்டும் வேறு என்றால்தான் அவுட்புட் ட்ரிம். அதற்கும் டிரான்ஸ்மிட்டரைவிடத் துல்லியமான, அளவுத்திருத்தம் செய்த மீட்டர் வேண்டும். கையில் கிடைத்த சாதாரண மல்டிமீட்டரை நம்பி ட்ரிம் செய்தால் மல்டிமீட்டரின் பிழையைக் கருவிக்குள் எழுதிவைத்ததுதான் மிச்சம்.

அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் 2.6 டிகிரி அதிகமாகத் தெரிகிறது. அவுட்புட் ட்ரிம்மில் கரண்டைக் கொஞ்சம் இறக்கிச் சரிசெய்துவிடுகிறார்கள். உண்மைக் காரணம், பிடி-100-ஐ இரண்டு கம்பியில் கட்டியதால் கம்பிகளில் சேர்ந்த 1 ஓம் மின்தடை. பிடி-100-க்கு டிகிரிக்கு சுமார் 0.385 ஓம்தான் என்பதால் 1 ஓம் என்பது 2.6 டிகிரி. கேபிள் சூடானால் அந்த மின்தடையும் மாறும், அன்று பிழை வேறு ரூபத்தில் திரும்பி வரும். மூன்று கம்பியோ நான்கு கம்பியோ கட்டுவதுதான் இதற்குத் தீர்வு.

கம்யூனிகேட்டர் டிரான்ஸ்மிட்டரைக் கண்டுபிடிக்கவில்லை. ஏன்?

லூப்பில் மின்தடை போதவில்லை என்பது முதல் சந்தேகம். ஹார்ட் சிக்னலுக்குக் குறைந்தது 230 ஓம் வேண்டும், பொதுவாக 250 ஓம் போடுவார்கள். பவர் சப்ளையின் இரு முனைக்கும் நேரே கம்யூனிகேட்டரைக் கட்டினால் வேலை செய்யாது. மின்தடைக்கு இந்தப் பக்கம், டிரான்ஸ்மிட்டரின் இரு முனையில் கட்டுங்கள்.

மின்தடை அதிகமானாலும் சிக்கல்தான். 24 வோல்ட் சப்ளை, டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தபட்சம் 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 12 வோல்ட்டை 22 மில்லிஆம்பால் வகுத்தால் 545 ஓம். கேபிள், கார்டு, பாரியர் (வெடிக்கும் அபாயமுள்ள பகுதிக்குப் போகும் மின்சக்தியை மட்டுப்படுத்துவது), ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்து அதற்குள் இருக்க வேண்டும். 700 ஓம் ஆகிவிட்டால் கரண்ட் 17.1-க்கு மேல் ஏறவே முடியாது. சாதாரண நாட்களில் 10, 12 என்று ஓடும்போது யாருக்கும் தெரியாது. சென்சார் அறுந்து 21-க்கு மேல் போக வேண்டிய அன்று 17.1-ல் நின்றுவிடும், திரையில் நம்பத்தகுந்த ஒரு வெப்பநிலையாகவே தெரியும். அதனால்தான் லூப் டெஸ்டில் 20-ஓடு நிறுத்தாமல் பழுது அளவையும் அனுப்பிப் பார்க்கச் சொல்வது.

அவுட்புட் 4 மில்லிஆம்பிலேயே நிற்கிறது, வெப்பநிலை மட்டும் டிஸ்பிளேயில் மாறுகிறது.

கருவி மல்டிடிராப் (ஒரே இரு கம்பியில் பல கருவிகள்) நிலைக்குப் போயிருக்கும். ஹார்ட் 5 கருவியில் போலிங் முகவரியை (கருவியை அழைக்கும் எண்) 0 தவிர வேறு எதாவது வைத்தால் கரண்ட் 4-ல் பூட்டப்படும். பின்வந்த பதிப்புகளில் லூப் கரண்ட் மோட் என்று தனி அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். 4 அல்லாத வேறு எண்ணில் நிற்கிறது என்றால், லூப் டெஸ்ட் செய்தவர் நிலையான கரண்டிலிருந்து வெளியே வராமல் போய்விட்டார்.

லூப்பைப் பிரிக்காமல் கரண்டை அளக்க முடியுமா?

பல டிரான்ஸ்மிட்டர்களில் டெஸ்ட் டெர்மினல் என்று இரண்டு புள்ளிகள் இருக்கும். உள்ளே ஒரு டயோடு. மில்லிஆம்ப் மீட்டரை அங்கே வைத்தால் கரண்ட் மீட்டர் வழியாகப் போகும், லூப் அறுபடாது. மீட்டரின் உள்மின்தடை குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் கரண்ட் டயோடு வழியே நழுவி மீட்டர் குறைத்துக் காட்டும். டெஸ்ட் டெர்மினல் இல்லாத கருவிக்கு மில்லிஆம்ப் அளக்கும் கிளாம்ப் மீட்டர்.

இரண்டு சென்சார் உள்ள கருவியில் எதை அவுட்புட்டுக்குக் கொடுப்பது?

கட்டுப்பாட்டுக்கு என்றால் ஒன்றை முதன்மையாகவும் மற்றதை மாற்றாகவும் வையுங்கள். முதலாவது அறுந்தால் அவுட்புட் தானாக இரண்டாவதுக்குத் தாவும். அப்படித் தாவியது ஹார்ட் வழியாகவோ அலாரமாகவோ யாருக்காவது தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவதும் போகும் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். வெப்பநிலை வித்தியாசத்தைக் கொடுப்பதானால் ரேஞ்ச் எதிர்மறைப் பக்கமும் போகட்டும். −20 முதல் +20 என்று வைத்தால் வித்தியாசம் இல்லாதபோது 12 மில்லிஆம்ப் வரும்.

சூடு ஏற ஏற கரண்ட் குறையும்படி வைக்க முடியுமா?

முடியும். கீழ் ரேஞ்சில் பெரிய எண்ணையும் மேல் ரேஞ்சில் சிறிய எண்ணையும் கொடுத்தால் பெரும்பாலான கருவிகள் ஏற்றுக்கொள்ளும். தலைகீழ் தேவை இருந்தால் கன்ட்ரோலரில் செய்துகொள்வது நல்லது. இரவு ஷிப்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர் 18 மில்லிஆம்பைச் சூடு என்றுதான் படிப்பார்.

பழுதான டிரான்ஸ்மிட்டரை மாற்றும்போது பழைய அமைப்பை அப்படியே ஏற்றலாமா?

ஒரே மாடல் என்றால், சேமித்து வைத்த கோப்பிலிருந்து சென்சார் வகை, கம்பி எண்ணிக்கை, ரேஞ்ச், டேம்பிங், பழுதுத் திசை எல்லாம் ஏற்றலாம். ட்ரிம் மதிப்புகளை ஏற்ற வேண்டாம். அவை பழைய போர்டின் பிழைக்காகச் செய்தவை. ஆனால் சென்சாருக்கென்று தனியாகக் கொடுத்த காலண்டர்–வான் டியூசன் மாறிலிகள் (அந்த பிடி-100-இன் மின்தடையை வெப்பநிலையாக மாற்றும் கணக்கு எண்கள்) இருந்தால், சென்சார் அதேதான் என்பதால் அவற்றை அவசியம் ஏற்றுங்கள். ஜம்பர் நிலை கோப்பில் வராது, பழைய கருவியைக் கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் 3.6-க்குக் கீழ், 4, 12, 20, 21-க்கு மேல் என்று ஐந்து அளவையும் அனுப்பி, எதிர்முனையில் என்ன தெரிகிறது என்று ஒருவரை நிற்கவைத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நிலையான கரண்டிலிருந்து வெளியே வந்து, எழுத்துப் பூட்டை (அமைப்பை யாரும் மாற்றாதபடி தடுப்பது) போட்டு, கடைசியாக பைபாஸை எடுத்துவிட்டு லூப்பை ஆட்டோவுக்கு மாற்றச் சொல்லலாம்.